ஒரு விரல் இடம்

அக்கா, இன்று காலை எழுந்ததும் பால்கூடக் காய்ச்சவில்லை. நேராகக் காரிடாருக்குப் போய் உங்கள் தக்காளிச் செடியின் கட்டை அவிழ்த்தேன். தண்டு பருத்துவிட்டது, விரலை நுழைத்துப் பார்த்தேன், போகவில்லை. அதே துணியைத் தளர்த்திக் கட்டினேன். கையில் ஒட்டிய இலை வாசம் சோப்புப் போட்டும் போகவில்லை. அந்தக் கையோடுதான் எழுதுகிறேன்.

ஆங் மோ கியோ அடுக்குமாடியில் நாம் அடுத்தடுத்த வீடுகளுக்குக் குடிவந்த புதிதில், பிஸ்கட் டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு எனக்கும் ஒரு செடி வைத்துக் கொடுத்தீர்கள். முழங்கால் உயரம் வந்ததும் அது சாய்ந்தது. துணி காயப்போடும் மூங்கில் உடைந்து கிடந்ததைப் பிளந்து டின்னில் ஊன்றி, ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் நானே கட்டினேன், விழவே கூடாது என்று இறுக்கி. ஒரே வாரத்தில் கயிறு தண்டை அறுத்துவிட்டது.

கத்தரிக்கோலோடு வந்து குனிந்து பார்த்தீர்கள். "இது செடி டீச்சர், கைதி இல்ல லா."

"காத்துக்கு விழுந்துடுமே அக்கா."

"ஞாயித்துக்கிழமை ஆனா ஜன்னல் வழியா உங்க சத்தந்தான். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவுல ஒரு விரல் இடம் விடு, இடம் விடுன்னு. பிள்ளைங்க நோட்டுக்கு மட்டும்தானா அது?"

உங்கள் பழைய சரோங்கைக் கிழித்து, கம்பில் இறுக்கமாகவும் தண்டில் தளர்வாகவும் எட்டுப் போலச் சுற்றினீர்கள். என் விரலையே பிடித்து நுழைத்துப் பார்த்தீர்கள்.

ஞாயிறுகளில் பூசை முடிந்து வந்ததும் வாசலில் இரண்டு நாற்காலி போடுவீர்கள். "பத்து நிமிஷம் சும்மா உக்காருங்க டீச்சர்." எனக்கு உள்ளே டியூஷன் பிள்ளைகள் காத்திருப்பார்கள். "பரீட்சை முடியட்டும் அக்கா" என்பேன். ஒன்று முடிந்தால் இன்னொன்று வந்தது. எட்டு வருடம். நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்க்க வருவதையும் அப்படித்தான் தள்ளிப்போட்டேன். பரீட்சை முடிந்த வெள்ளிக்கிழமை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தேன். வியாழக்கிழமையே நீங்கள் போய்விட்டிருந்தீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் மகனோடு இருக்க மார்சிலிங்குக்குக் குடிபோகும்போது டின்களையும் நாற்காலிகளையும் என் வாசலில் வைத்தார். "எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது டீச்சர். அவளுக்கு நீங்கன்னா..." என்றபடி கடைசி டின்னைச் சுவரோரம் நகர்த்தினார்.

அலுப்பாக இருக்கிறது அக்கா. ஐந்து நாள் பள்ளி, சனிக்கிழமை திருத்தல், ஞாயிறு டியூஷன். நேற்று என் வீட்டுக்காரர், "இன்னும் நாலு பேர் கேக்கறாங்க, ஞாயிறு சாயந்தரமும் எடுத்துடேன்" என்றார். பார்க்கலாம் என்றேன்.

இவருக்குத் தெரியாது, பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் தெரியாது. நாளை ஞாயிறு, பிள்ளைகள் வந்ததும் நோட்டுகளை அவரவர் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன். இனி ஞாயிறு வகுப்பு கிடையாது. நீங்கள் பூசை முடிந்து வரும் நேரத்துக்கு வாசலில் நாற்காலி போடுவேன். இரண்டையும்.