ராசியான மேக்னட்

2025 செப்டம்பர் 4, வியாழன்

ஏழாவது தடவையும் வேதிவினை ஓடிவிட்டது! ஆய்வகத்திலேயே ஒரு ஆட்டம் போடத் தோன்றியது. என் ஆய்வு வழிகாட்டி பாரதி மேடம் பக்கத்தில் நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

என் டென்ட்ரைமர் மரம்போலக் கிளைக்குமேல் கிளைவிட்டு வளர்ந்த பெரிய மூலக்கூறு. அதன் நுனிகளில் பல்லேடியம் உலோகத்தைக் கட்டி வைத்திருக்கிறேன். மருந்து செய்யத் தேவைப்படும் இரண்டு மூலக்கூறு வளையங்களை இணைத்து வைக்கும் வினையூக்கி அது. வேலை முடிந்ததும் சவ்வில் வடிகட்டினால் பெரிய உடம்புக்காரி மட்டும் மேலே தங்கிவிடுவாள். அவளை மறுபடி வேலைக்கு விடலாம், உலோகம் வீணாகாது. ஏழு தடவை என்றால் என் பிஎச்.டி. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முடிந்த மாதிரி. இந்த மாதமே ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுத்துவிடலாம் என்றார் மேடம்.

திருவண்ணாமலை பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. அதுகூட உறைக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் நைனா வழக்கம்போலக் கேட்டார். "இன்னாம்மா ஷோபனா, மரம் காய்ச்சுதா?"

"ஏழு காய், நைனா!"

நாளெல்லாம் மினி லாரியில் மல்லாட்டை மூட்டை ஏற்றிய களைப்பிலும், சட்டையெல்லாம் கடலைத் தூசியோடு சிரித்தார்.

செப்டம்பர் 9

நௌமான்மேல் அப்படி ஒரு கோபம். எனக்கு ஜூனியர். "அக்கா, வினையூக்கி போடாம ஒண்ணு ஓட்டிப் பாத்தீங்களா?" என்றான். முதல் வருஷமே பார்த்தாயிற்று, எதுவும் வரவில்லை என்றேன். சாதுவாகத் தலையாட்டிவிட்டு, நான் சாப்பிடப் போன நேரத்தில் என் சாமான்களை வைத்தே ஓட்டிவிட்டான்.

விளக்கின் கீழே தகட்டைக் காட்டினான். வினை நடந்திருந்தால் மட்டும் தெரியும் புள்ளி பளிச்சென்று இருந்தது. டென்ட்ரைமர் துளிகூடப் போடவில்லை, வளையங்கள் இணைந்திருக்கின்றன.

செப்டம்பர் 10

அப்படியென்றால் என் மரம் ஒன்றுமே செய்யவில்லையா?

செப்டம்பர் 12

கரைப்பான் புதுசு. உப்பு புதுசு. குடுவையை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினேன். அப்படியும் அந்தப் பாழாய்ப்போன புள்ளி வருகிறது. பஸ் கோட்டை மதிலைத் தாண்டும்போது அழுகை வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள், "இன்னா கண்ணு, உடம்பு சரியில்லியா?" என்று தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். நைனா கேட்டதற்கு ஏதோ முனகிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

செப்டம்பர் 15

கிடைத்துவிட்டது. என் ராசியான மேக்னட்!

குடுவைக்குள் சுழன்று கலக்கும் சின்ன காந்தத் துண்டு. போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆய்வகப் பூஜையில், பிஎச்.டி. முடித்துக் கிளம்பிய வெண்மதி அக்கா பொட்டு வைத்து என் கையில் கொடுத்தது. "என்னைக் கரையேத்துச்சுடி. உன்னையும் ஏத்தும்." அன்று முதல் வேறு எதையும் நான் போட்டதில்லை. அக்காவின் வேலையும் பல்லேடியத்தில்தான். மேலுறையின் கீறல்களில் அது கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, எத்தனை கழுவினாலும் போகாமல். ஆய்வகத்தில் ஒருத்தர் கரண்டியை ஒருத்தர் தொடமாட்டோம். அவ்வளவு சுத்தம் எங்களுக்கு. ராசி என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வோம்.

புது மேக்னட்டோடு, வினையூக்கி இல்லாமல் ஓட்டினேன். புள்ளி இல்லை.

நௌமானுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். "திட்டுவீங்கன்னு நெனச்சேன்கா" என்றான். திட்டத்தான் நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 16

வெண்மதி அக்காவுக்குப் போன் செய்தேன். மேக்னட் விஷயத்தைச் சொன்னேன். "நல்லா கழுவித்தான்டி குடுத்தேன்" என்றாள். பாவமாக இருந்தது. அப்புறம் அவளே, "நீ அழுவாத. என் ரிசல்ட்டயும் நான் ஒருவாட்டி பாக்கணும்போல இருக்குது" என்றாள்.

செப்டம்பர் 25

புது மேக்னட்டோடு என் மரத்தை ஓட்டியதில் முதல் தடவை அருமை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பரவாயில்லை. நான்காவதில் படுத்துவிட்டது. ஆக, மிச்சத்துக்கெல்லாம் முட்டுக்கொடுத்தது மேக்னட்.

மேடம் தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கத்துவார் என்று நின்றிருந்தேன். "மூணுன்னே எழுது. மேக்னட் கதையையும் சேத்து எழுது, அடுத்தவங்க ஏமாறாம இருப்பாங்க."

"சுருக்கம், மேடம்?"

"பொங்கலுக்கு அப்புறம் குடுக்கலாம். இப்ப போய்ச் சாப்பிடு, மூஞ்சியப் பாரு."

அக்டோபர் 1, ஆயுத பூஜை

காலையிலேயே நைனா வண்டியைக் கழுவி மாலை போட்டுவிட்டார். குங்குமக் கிண்ணத்தோடு கூப்பிட்டார். "எங்க உன் மேக்னட்டு? போன வருஷம் சாவிகூட வெச்சோமே."

எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு இல்லை, மூன்றுதான் என்றும், மற்றதெல்லாம் அந்த மேக்னட் பார்த்த வேலை என்றும்.

"மூணும் சொத்தை இல்லியே?"

"இல்ல, நைனா."

"அப்ப எடுத்துகினு வா அந்த மேக்னட்ட. மரம் படுத்துகினப்ப வேலை செஞ்சது அதுதானே? அதுக்குப் பொட்டு வெக்காம எப்டி வுடறது?"

சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. பையிலிருந்து எடுத்து வண்டிச் சாவி பக்கத்தில் வைத்தேன். பொட்டு நான்தான் வைத்தேன்.