கருவாட்டுக்காரியின் கத்தரித் தோட்டம்

ஜூலை 12, சனி

புது நோட்டு, புதுப் பேனா, கழுத்தில் படம் ஒட்டிய அட்டை. நாற்பத்தாறு வயதில் மாணவியாகிவிட்டேன்! பேருந்தில் அந்த அட்டையைக் கழற்ற மனமே வரவில்லை. கண்டக்டர் பார்த்தாரா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். அவர் எங்கே பார்த்தார்.

இயற்கை வேளாண்மை, ஒரு வருடப் படிப்பு, சனிக்கிழமை மட்டும் வகுப்பு. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்கள். பாடம் எடுக்கும் வளர்மதி மேடத்துக்கு என் மகள் ஜாக்குலின் வயதுதான் இருக்கும். ஒவ்வொருவரையும் எழுப்பி என்ன வேலை என்று கேட்டார்.

"கருவாடு போடறேன் மேடம். கோட்டைக்குப்பம்."

"அப்புறம் ஏன்கா விவசாயம்?"

பேருந்தில் நன்றாக யோசித்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. எழுந்து நின்றதும் மறந்துபோனது. "எங்க ஊர்ல எத நட்டாலும் வராது மேடம். மணலும் உப்பும்தான். நான் நட்டது ஒண்ணு முளைச்சு வந்து பாக்கணும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்த பிறகு எனக்குத்தான் கன்னம் சுட்டது.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் பெலிக்ஸ் வலையைப் பிரித்துக்கொண்டே, "இன்னா ரோஸு, கலெக்டர் ஆயிட்டியா?" என்கிறார். ஆவேன். உங்களுக்கென்ன?

ஜூலை 13, ஞாயிறு

பூசையில் பாதிரியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் தெரியாது. மண்புழுவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். மன்னியும் ஆண்டவரே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நிலம் கிடைத்துவிட்டது! நிலம்! எனக்கு!

திருப்பாலைவனத்தில் இந்திராணி அம்மாவுக்கு இருபது வருடமாகக் கருவாடு கொடுக்கிறேன். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். வீட்டை ஒட்டிய கழனியில் அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. நெத்திலி எடை போட்டுக்கொண்டே கேட்டுவிட்டேன். "நீயா? விவசாயமா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொன்னார்.

"இறால் பண்ணைக்காரன் கார் போட்டுகினு வாராவாரம் வந்து நிக்கறான். குடுத்தா உப்புத் தண்ணி ஏத்துவான், அப்புறம் இந்த மண்ணுல புல்லுகூட மொளைக்காது. அதனாலதான் புடிச்சி வச்சிருக்கேன். ஆனா எத்தினி நாளைக்குச் சும்மா போட்டு வைக்கறது? நீ பொங்கல் வரைக்கும் பண்ணு. மண்ணு நல்லா இருக்கணும், பயிரு நிக்கணும். ரெண்டும் இருந்தா மூணு வருஷம் உனக்குக் குத்தகை. இல்லன்னா அவனுக்குத்தான், என்னை ஒண்ணும் கேக்கக்கூடாது."

சரி என்றேன். கால் தரையில் இல்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். பேருந்தில் நாலு தடவை முகர்ந்து பார்த்திருப்பேன். பக்கத்தில் இருந்த பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கத்தரி விதை முளைத்திருக்கிறது. நாற்றங்காலில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கருவாடு கிடக்கட்டும்.

செப்டம்பர் 13, சனி

இன்று மீன் அமிலம் பாடம். மீன் கழிவும் வெல்லமும் சமமாகப் போட்டு மூடி வைத்தால் மூன்று வாரத்தில் செடிக்கு நல்ல ஊட்டம். மேடம் சொல்லி முடிப்பதற்குள் நான் துள்ளிவிட்டேன். மற்றவர்கள் மீன் கழிவுக்கு எங்கே போவது என்று கவலைப்பட்டார்கள். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியசாமி அண்ணன், "தங்கச்சி வீட்டுலயே கடல் இருக்கு, அதுக்கு இன்னா கவலை" என்றார். ஆமாம், எனக்கென்ன கவலை! வந்ததும் ட்ரம்மில் போட்டு மூடிவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

நாற்று நட்டாயிற்று. இடுப்பு ஒடிந்தது. பரவாயில்லை. நட்டு முடித்து நிமிர்ந்து பார்த்தபோது வரிசை வரிசையாக நின்றது. நான் நட்டது. அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். இந்திராணி அம்மா பார்த்துவிடக் கூடாது என்று வரப்பில் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினேன்.

அக்டோபர் 6, திங்கள்

மீன் அமிலம் தயார். தண்ணீரில் கலந்து பாதிப் பாத்திகளுக்கு ஊற்றினேன். மேடம் சொன்ன அளவு ரொம்பக் கொஞ்சமாக இருந்தது. பிள்ளைக்குச் சோறு போடும்போது அளந்தா போடுகிறோம்? கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன். வாடை அடிக்கிற அடியில் பக்கத்துக் கழனிக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார். எனக்கு அது வாடையே இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

ஊற்றிய செடிகள் தலை தொங்கிக் கிடக்கின்றன. இலை ஓரம் எல்லாம் கருகல். ஊற்றாத பாதி நன்றாக நிற்கிறது. நோயா? பூச்சியா? ஏன் அந்தப் பாதியில் மட்டும்? ஒன்றும் புரியவில்லை. சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 11, சனி

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

கருகிய இலையை வகுப்புக்குக் கொண்டுபோனேன். மேடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன குடுத்தீங்கக்கா?" மீன் அமிலம் மேடம். "எந்த மீன் போட்டீங்க?" அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பெருமையாகச் சொன்னேன், "எங்க கொட்டகையிலயே இருந்துச்சு மேடம். கருவாட்டுத் தலை, வால், பானை அடியில நின்ன தண்ணி எல்லாம்."

மேடம் மெதுவாக, "அக்கா, அது பச்சை மீனால்ல இருக்கணும்" என்றார்.

உப்பு. உப்பு! நானே கை நிறைய அள்ளிப் போட்ட உப்பு. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் உப்பிலேயே கிடக்கிறவள், உப்பு இருக்கும் என்று யோசிக்கவில்லை. எனக்குக் கருவாடும் மீன்தானே. வேறு என்னவாம்?

பெரியசாமி அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். "நிலத்தையே கருவாடு போட்டுட்டியா தங்கச்சி?" அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கழிவறைக்குப் போய் அழுதேன்.

திரும்பி வந்ததும் மேடம் பலகையில் படம் போட்டே காட்டினார். வரப்பை உயர்த்து, நல்ல தண்ணீர் நிறுத்து, உப்பு கரையட்டும், வாய்க்கால் வெட்டி வெளியே விடு. திரும்பத் திரும்பச் செய். "மழைக்கு முன்னாடி வாய்க்கால் முடிச்சிட்டீங்கன்னா மழையே கழுவிக் குடுத்துடும்கா."

அக்டோபர் 12, ஞாயிறு

பூசை முடிந்து நேராகத் திருப்பாலைவனம். பாத்தி மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். கரித்தது. நான் கழனியில் நின்று மண் தின்பதை இந்திராணி அம்மா பார்த்துவிட்டார். மறைக்க முடியவில்லை, மறைக்கவும் தோன்றவில்லை. சொல்லிவிட்டேன்.

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. "உப்பு வரக்கூடாதுன்னுதான் அவனுக்குக் குடுக்கல. நீ ட்ரம்முல கொண்டாந்து ஊத்திகீறே" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் இன்னா பண்ணுவேன். ஆசையிலதான ஊத்தினேன். ஆசையிலதான.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒற்றை ஆளாக வாய்க்கால் வெட்டினேன். ஓடை வரைக்கும் போக வேண்டும், பக்கத்துக் கழனியில் ஒரு சொட்டு விழக் கூடாது. கால்வாசிகூட முடியவில்லை. உள்ளங்கையெல்லாம் கொப்புளம். மேற்கே மேகம் திரண்டிருக்கிறது.

வீட்டில் கஞ்சிச் சட்டியைப் பிடிக்க முடியாமல் நழுவவிட்டேன். பெலிக்ஸ் பார்த்தார்.

அக்டோபர் 15, புதன்

இன்று பெலிக்ஸுக்குப் பாடு.

ஊரை ஒட்டிய உப்பு ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதுதான் பாடு. நம் முறை தவறினால் தவறியதுதான், இன்னொருத்தர் முறையில் போய் நிற்க முடியாது. அதுவும் இறால் ஏறுகிற இந்த மாதத்தில் கிடைக்கிற பாட்டைக் காய்ச்சலோடுகூட விடமாட்டார். ஜாக்குலின் பிறந்த அன்றைக்கே பாட்டுக்குப் போய்விட்டு அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். அதை நான் இன்னும் சொல்லிக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

காலையில் நான் பேருந்துக்கு நிற்கிறேன், தோளில் மண்வெட்டியோடு வந்து பக்கத்தில் நிற்கிறார்.

"இன்னாங்க, பாடு?"

"அது சுத்தி வரும். வானத்தப் பாரு, நாளைக்கு ஊத்தும். அது உனக்காகக் காத்துகினு நிக்குமா?"

பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பேசினால் உடைந்துவிடுவேன்.

வரப்பையும் உயர்த்தினோம், வாய்க்காலையும் வெட்டினோம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கருக்கலில் ஓடையைத் தொட்டோம். இந்திராணி அம்மா கதவைத் திறந்து ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வரப்பில் வைத்துவிட்டுப் போனார். பேசவில்லை. ஆனால் மோர்.

அக்டோபர் 16, வியாழன்

மழை! மழை! மழை!

அக்டோபர் 19, ஞாயிறு

மழையில் நனைந்துகொண்டே மடையைத் திறப்பதும் அடைப்பதுமாக இருக்கிறேன். நிறுத்து, கரைய விடு, திறந்து விடு. பெலிக்ஸ் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். எங்கள் ஊரில் மழை என்றால் கருவாட்டை மூட ஓடுவோம். மழையே வேண்டாம் என்று இருபது வருடம் வேண்டியவள், இன்னும் கொஞ்சம் என்று கும்பிடுகிறேன். ஆண்டவருக்குக் குழப்பமாக இருக்கும்.

நவம்பர் 1, சனி

மண்ணைச் சோதனைக்குக் கொடுத்தேன். மேடம் கருவியை விட்டுப் பார்த்துவிட்டு, "ரொம்ப இறங்கிடுச்சுக்கா. கீரை போட்டுப் பாருங்க, அது தாங்கும்" என்றார். ஓடிப்போய் விதை வாங்கினேன்.

நவம்பர் 7, வெள்ளி

கீரை முளைத்துவிட்டது. செத்த பாத்தியில்! இந்திராணி அம்மாவைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார். "ம்" என்றார். அந்த ஒரு "ம்" போதும், இந்த வாரத்துக்கு.

நவம்பர் 27, வியாழன்

பிழைத்த பாதியில் முதல் கத்தரிக்காய். விரல் அளவுதான். பறிக்க மனம் வரவில்லை. ஜாக்குலினுக்குப் படம் அனுப்பினேன். "அம்மா, காய் எங்கே, உன் விரல்தான் தெரியுது" என்கிறாள். திமிர்.

டிசம்பர் 20, சனி

பெலிக்ஸ் கூடையோடு கத்தரிக்காயைத் துறைக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். விற்கவில்லை, காட்டத்தான். திரும்பி வரும்போது கூடை காலி. கேட்டால், "பசங்க கேட்டானுங்க, குடுத்தேன். என் பொண்டாட்டி வெளைய வச்சதுன்னு சொன்னேன்" என்றார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை.

ஜனவரி 14, புதன்

நாளை பொங்கல். இந்திராணி அம்மா எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க பயமாக இருக்கிறது. கீரை இரண்டு முறை அறுத்தாயிற்று, கத்தரி காய்க்கிறது. ஆனால் உப்பு ஊற்றினேனே. அதை மறந்திருப்பாரா? நானாக இருந்தால் மறப்பேனா?

ஜனவரி 19, திங்கள்

காலையில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். இறால் பண்ணைக்காரர் கார் வந்து நின்றது. எனக்குக் கை ஓடவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன், காது மட்டும் அந்தப் பக்கம். வாசலில் நின்று அவர் ஏதோ பேசினார். இந்திராணி அம்மா கேட்டுக்கொண்டே முறத்தில் அரிசி புடைத்தார். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார்.

"நிலத்தப் பத்தி என்னைக் கேட்டு இன்னா பண்றது? அதோ கீறாங்க பாரு, அந்தம்மாகிட்டக் கேளு."

அவர் வரப்பில் நடந்து என்னிடம் வந்தார். பளபளவென்று செருப்பு, அதில் சேறு. "அம்மா, நிலம் உங்ககிட்டதான் இருக்குதாமே. விடுவீங்களா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

எழுந்து நின்றேன். கை முழுக்க மண்.

"இல்லைங்க. பயிர் நிக்குது."

கார் போனதும் இந்திராணி அம்மா முறத்தை மறுபடி எடுத்தார். அரிசி புடைக்க உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்து மீதி வரிசைக் களையை எடுத்தேன்.