பத்தொன்பதுக்குப் பூஜ்யம்

வினிபெக்,
பிப்ரவரி 27

அன்புள்ள லைபிஷ்,

நம் கோணல் மேசைச் சங்கம் கலையவில்லை. இன்று காலை பதினொரு மணிக்கு நீதிபதியே அறிவித்தார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். நாற்பது வருடம் செய்தி எழுதியவள் குறிப்பில் தேதி போட மறந்தது இன்றுதான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன பூரிம் பண்டிகைக் கேலி நாடகத்தில், முதியோர் குடியிருப்பை விற்கப் பார்த்த நம் யூத சமூக சபைத் தலைவரைக் கொடுங்கோலன் ஹாமானாக்கினோம். ஹாமான் பெயருக்குச் செய்வதுபோலவே அவர் பெயர் வந்தபோதெல்லாம் கூட்டம் கிலுகிலுப்பையைச் சுழற்றித் தீர்த்தது. நாம் கூடும் கட்டடம் சபையுடையது. சங்கம் இருக்கும்வரை கீழ்த்தளக் கூடம் நம்முடையது என்பது பழைய ஒப்பந்தம். நாடகக் கோபத்தில் சபையார் நவம்பரில் கூடத்துக்கு வரும் வெப்பத்தை நிறுத்தினார்கள். ஜனவரியில் மேலங்கியோடு கூடினோம். எதற்கும் அசையாத நம் ஷ்ப்ரின்ட்ஸேயே, "போதும்ப்பா, கலைச்சிடலாம்" என்றாள். பத்தொன்பது பேர் கைகளும் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது.

மறுவாரம் கூட்டக் குறிப்பை எழுதும்போது சங்க விதிகளைப் புரட்டினேன். ஏழாவது, உன் கையெழுத்தில்: "எல்லோரும் ஒத்துக்கொண்ட தீர்மானம் செல்லாது, ஒருவரும் யோசிக்கவில்லை என்று பொருள்." நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருவனைக் குற்றவாளி என்றால் அவனை விட்டுவிடு என்ற நம் பழைய ஞானிகளின் சட்டம். வேடிக்கைக்கு எழுதினாய் என்றிருந்தோம். தேநீரா காபியா என்பதில்கூட ஒத்துப்போகாதவர்களுக்கு அந்த விதி தேவைப்பட்டதே இல்லை. அதைக் காட்டி, கலைத்த தீர்மானம் செல்லாது என்றோம்; சபை ஏற்காததால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது.

சபையின் வக்கீல், "இது கேலிக்கு எழுதினதுங்க" என்றார். மற்ற விதிகள் எப்படி என்று நீதிபதி கேட்டார். ஷ்ப்ரின்ட்ஸே எழுந்தாள்: "எல்லாமே கேலிதாம்மா. ஆனா ஒண்ணுவிடாம கடைப்பிடிக்கிறோம்." வக்கீல் தலைவர் பெயரைச் சொன்னதும் பின்வரிசையில் கிலுகிலு என்றது. மூன்று கிலுகிலுப்பைகள் பறிமுதல். நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்ப்பை வாசித்தார்: பத்தொன்பதுக்குப் பூஜ்யம், ஆகவே செல்லாது. வெளியே பனியில் ஷ்ப்ரின்ட்ஸே ஆடிய ஆட்டத்தில் அவள் தொப்பி பறந்தது. அதைத் தேட யாரும் போகவில்லை, எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தோம்.

பதினொரு வருடத்துக்கு முன் சபையின் நன்கொடையை வாங்க இருபத்திரண்டு பேர் கை தூக்கினோம். நீ ஒருவன் மறுத்தாய். "உனக்கு எதுக்கெடுத்தாலும் தகராறுதான்யா" என்று எல்லோர் முன்னும் சொன்னவள் நான். நீ வான்கூவருக்கு ரயிலேறினாய்.

இன்னும் ஒன்று பாக்கி. தொடர்வதா கலைவதா என்று புதிதாக வாக்கெடுத்து மார்ச் பத்துக்குள் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறார் நீதிபதி. கூட்டம் ஒன்பதாம் தேதி, ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி. பத்தொன்பது பேரிடமும் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். எல்லோரும் தொடரவே விரும்புகிறார்கள். சிக்கலே அதுதான், ஏழாவது விதிப்படி அதுவும் செல்லாது. ஒப்புக்கு ஒருவர் மறுத்தால் அது பொய். அதைக் குறிப்பில் எழுத எனக்குக் கை வராது. நீயோ எதையும் மனமார மறுப்பாய்.

உறுப்பினர் பட்டியலில் உன் பெயரை யாரும் அடிக்கவில்லை. பார்த்துவிட்டேன். வந்து எங்களுக்கு எதிராகக் கை தூக்கு. இம்முறை உன் பக்கத்து நாற்காலியில் நான் உட்காருவேன்.

உடம்பு நன்றாக இருக்கட்டும், பிடிவாதமும் குறையாதிருக்கட்டும்.

கிட்டல் ராப்கின்