பின்கதவுக்கு ஆணி அடித்துவிட்டேன், நிரோ

லயத்து வரிசையில் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருந்தவளே, என் நிரோஷா,

நீ போய் ஒரு வருஷம், உன்னுடைய வருஷ நினைவு நாள் வருகிறது. அஞ்சலி நோட்டீஸுக்கு நாலு வரி எழுதித் தரும்படி உன் தம்பி கேட்டான். "டீச்சர்தானே, அழகா எழுதுவீங்க" என்றான். விண்ணுலகம் சென்ற தீபமே என்றெல்லாம் எனக்கு எழுத வராது. நீ எந்த விண்ணுலகத்துக்கும் போகவில்லை. ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி, கொழுந்து லொறியில் கிடத்தப்பட்டு, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையில் செத்தாய். மரத்தில் கூடு இருக்கிறது என்று நீங்களே மூன்று தடவை சொல்லியும் ஒருவரும் அதை அகற்றவில்லை. இதை நோட்டீஸில் போடுவார்களா?

அதனால்தான் இந்தக் கடிதம். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் வாசிக்கட்டும்.

முதலில் உன் மேல் இருக்கிற கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பின்கதவு. காலையில் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் எல்லா அம்மாக்களும் பெரட்டுக்கு ஓடவேண்டும். பெரட்டில் பெயர் கொடுக்கிற நேரம் தவறினால் அன்றைக்கு வேலை இல்லை. அழுகிற பிள்ளையைத் தேற்ற யாருக்கு நேரம்? பிள்ளையை முன்வாசலில் இறக்குவீர்கள். நான் ஜன்னலைக் காட்டி, "அங்க பாரு, குரங்கு!" என்பேன். பிள்ளை திரும்பும். அதற்குள் பின்கதவால் நழுவிவிடுவீர்கள். நம்முடைய அம்மாக்களும் அப்படித்தான் போனார்கள். இது தப்பென்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

நீதான் அதில் கெட்டிக்காரி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரிப் போவாய். வெளியே நின்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய். அன்றைக்கும் கண்ணடித்தாய். உன் மகள் கவிஷா குரங்கைத் தேடிக்கொண்டிருந்தாள்.

உன் சாவுக்கு லயம் முழுக்க வெள்ளைக்கொடி. அவளை மட்டும் பசறைக்கு, உன் மாமியார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தவளிடம் உன் புருஷன் சிவா அண்ணன், "அம்மா குவைத்துக்குப் போயிருக்கு. பெரிய பொம்மை வாங்கிட்டு வரும்" என்றார். பக்கத்து லயத்தில் நாலு அம்மாக்கள் உண்மையாகவே குவைத்தில் இருக்கிறார்களே, பிள்ளை ஏன் சந்தேகப்படப் போகிறது? லயமே அந்தப் பொய்யைக் காப்பாற்றியது. நானும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு உன் மகள் என்ன செய்தாள் தெரியுமா? பின்கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் தூக்கம். படம் காட்டினால் பார்க்கமாட்டாள். நாய்க்குட்டி வந்தாலும் பார்க்கமாட்டாள். எல்ல ஊரிலிருந்து வெள்ளைக்காரர்கள் சிலர் நடந்து வந்து, பிள்ளைகளைப் படம் எடுக்கக் கைதட்டிக் கூப்பிட்டார்கள். இருபத்தாறு பிள்ளைகளும் பல்லைக் காட்டின. இவள் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது கேட்கவில்லையோ என்றுகூட நினைத்தேன், மடச்சி நான்.

இதற்கிடையில் பண்டாரவளையில் எங்களுக்கு ஒரு பயிற்சி. பிள்ளைகளோடு நம்பிக்கையான உறவை வளர்ப்பது எப்படி என்று கலர் கலராகச் சார்ட். பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனியுங்கள், அழுகிற பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள் என்றார் அந்த மேடம். "ஒரே நேரத்துல பத்துப் பேர் அழுதா எந்தப் பக்கம் உக்காருறது மேடம்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மேடம் அடுத்த சார்ட்டுக்குப் போய்விட்டார். ஆனால் அவர் சொன்ன ஒன்று பஸ்ஸில் திரும்பி வரும்வழி முழுக்க உறுத்தியது. உங்களிடம் வராத பிள்ளை உங்களிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டது என்று யோசியுங்கள் என்றார்.

எதைக் கற்றுக்கொண்டாள்? நான் காட்டிய பக்கம் திரும்பினால் ஆள் காணாமல் போகும். அதைத்தான். வேறென்ன?

அடுத்த நாளே பின்கதவில் குறுக்குப் பலகை வைத்து ஆணி அடித்தேன். இனி எல்லாரும் முன்வாசலால், பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்றேன். மகனை விட வந்த தேவிகா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கென்னடி, உள்ள உக்காந்து வேலை. எனக்கு பெரட்டுல பேர் இல்லேன்னா நீ வந்து கொழுந்து எடுப்பியா?"

"போயிட்டு வாறேன்னு சொல்ல எவ்வளவு நேரம் அக்கா?"

"சொல்ல நேரமில்லடி. சொன்னா புள்ள காலக் கட்டிக்குமே, அத அவுக்கத்தான் நேரம்!"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெரட்டில் பத்து நிமிஷம் பொறுக்கும்படி, பெயர் பதிகிற கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்டேன். "புள்ள அழுவுதுன்னா தேயிலை காத்துக்கிட்டு நிக்குமா டீச்சர்?" என்றார். பக்கத்தில் நின்றவர்களுக்கும் சிரிப்பு. இந்தத் தோட்டத்தில் தேயிலைக்கு இருக்கிற மரியாதையில் பாதி பிள்ளைக்கு இருந்தால் நான் ஏன் ஆணியைத் தூக்குகிறேன்?

ஆனால் நான் யோசிக்காத ஒன்று நடந்தது. கவிஷா வந்து பலகையைப் பார்த்தாள். நகத்தால் பிராண்டினாள். வருஷத்துக்குக் கிட்டக் கத்தாத பிள்ளை கத்தினாள்.

"தொறங்க டீச்சர்! அம்மா எப்படி வருவாங்க? அம்மா இதாலதானே போனாங்க!"

என்ன சொல்வேன்? இன்னொரு குரங்கைக் காட்டவா? அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "அம்மா குவைத்துல இல்ல குட்டி. அம்மாவ குளவி கொட்டிருச்சு. அம்மா செத்துப்போச்சு. இனி வராது. அன்னைக்கு குரங்குன்னு சொல்லி ஒன்ன ஏமாத்துனது நான்தான்" என்றேன்.

என் கையைக் கடித்தாள். தழும்பு இன்னும் இருக்கிறது. கடித்து முடித்துவிட்டு, "பொம்மை?" என்று கேட்டாள். "பொம்மையும் இல்ல" என்றேன்.

சாயந்திரம் சிவா அண்ணன் வந்தார், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக்கூட வைக்காமல்.

"யாரக் கேட்டு சொன்ன?"

"நீங்க எப்ப சொல்றதா இருந்தீங்க அண்ணே? அவ வயசுக்கு வந்த பொறகா?"

"நானே அழாம இருக்கேன். அவள ஏன் அழ வைக்கிற? திங்கக்கிழமை பசறைக்குக் கொண்டு போயிருவேன். எங்கம்மாகிட்டயே கெடக்கட்டும்."

"கொண்டுபோய் விட்டுட்டு, அவ தூங்கும்போது எந்திரிச்சு வந்துருவீங்க. அப்படித்தானே?"

அவர் திரும்பி நடந்தார். அதுதான் திட்டம் என்று தெரிந்தது. நிரோ, எனக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

அந்த ஐந்து நாளும் நான் எங்கே போனாலும் அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன். "சோறு எறக்கப் போறேன், வந்துருவேன்." "தண்ணி புடிக்கப் போறேன், வந்துருவேன்." அவள் பின்கதவுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், "கக்கூசுக்குப் போறேன், இருபது எண்ணுறதுக்குள்ள வந்துருவேன்" என்றேன். பின்னாலேயே வந்து கதவுக்கு வெளியே நின்றுகொண்டு எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, ஒம்பது, இருவது. டீச்சர், வாங்க!" இந்த உத்தியோகத்தில் நிம்மதியாக அதுகூட முடியாது. மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. இப்போது நான் உள்ளே போனால் வெளியே இருபத்தேழு பேர் எண்ணுகிறார்கள். உனக்குத் தெரிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

திங்கட்கிழமை. சிவா அண்ணன் துணிப்பையோடு முன்வாசலில் நின்றார். பனி இறங்கி, வெளியே ஒன்றும் தெரியவில்லை. கவிஷா பையைப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து, ஜன்னலைக் காட்டினாள்.

"டீச்சர், அங்க பாருங்க."

திரும்பப் பயமாக இருந்தது. அவ்வளவு பயத்தோடா இந்தப் பிள்ளைகள் தினமும் திரும்பின? திரும்பினேன். பனிதான். குரங்கும் இல்லை, மரமும் இல்லை. மறுபடி இந்தப் பக்கம் பார்த்தேன். அதே இடத்தில் நின்றாள்.

"நா போகல" என்றாள். "அப்பா, நீங்களும் பாருங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். திரும்பியவர் வெகுநேரம் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. வருஷம் முழுக்க அழாமல் இருந்தாரல்லவா?

பிறகு பையை என் மேசைக்கடியில் தள்ளிவிட்டு, அவள் முன்னால் குந்தினார். "அப்பா கவ்வாத்துக்குப் போறேன் குட்டி. வேல முடிஞ்சதும் வந்துருவேன்." முன்வாசலால்தான் போனார். அவள் காலைக் கட்டிக்கொண்டு லயம் கேட்க அழுதாள். நானும் தேவிகா அக்காவும் சேர்ந்துதான் அவிழ்த்தோம். சிவா அண்ணனுக்கும் அக்காவுக்கும் பெரட்டு பிந்திவிட்டது. "திருப்தியாடி ஒனக்கு?" என்று என்னைத் திட்டிக்கொண்டே ஓடினார் அக்கா. ஓடுகிற ஓட்டத்தில் வாசலில் நின்று, தன் மகனைப் பார்த்து, "டேய், போயிட்டு வாறேன்டா!" என்று கத்தினார்.

கணக்கப்பிள்ளையோடு என் சண்டை முடியவில்லை. குளவிக் கூடும் இன்னும் அந்த மரத்தில்தான் இருக்கிறது. அதற்கும் மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்தப் பிள்ளையையும் இல்லாத குரங்கைக் காட்டித் திருப்பமாட்டேன். உன் வருஷத்தன்று கவிஷாவை உன் குழிக்குக் கூட்டிவருவோம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உன்னோடு இருக்கட்டும். கிளம்பும்போது உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். நீ சொல்லாமல் போனதற்கு அவள் ஏதாவது கேட்டால், பதில் நீதான் சொல்லவேண்டும்.

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் மகளிடம் கடி வாங்கிய அவள் டீச்சர்,
புவனா