மடிக்கணினிக்குள் ஒரு டிக் டிக்

மார்ச் 4, திங்கள்

மடிக்கணினி சத்தம் போடுகிறது. டிக், டிக், பிறகு ஓர் உறுமல். அண்ணை கனகரத்தினம் சாகும் முன் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த கடல் அனுபவங்கள் முழுவதும் அதற்குள். வேறு பிரதி இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிடும் நினைவுமலரில் அவைதான் வர வேண்டும். பென் டிரைவுக்கு மாற்றப் போனால் இடையில் நின்றுவிடுகிறது.

அண்ணி தங்கமுத்து, "பல்லி சொல்லுது, மச்சாள்" என்றார்.

மார்ச் 5, செவ்வாய்

வகுப்பில் படிப்பித்த மாதிரி ஒவ்வொரு காரணமாக விலக்கிப் பார்த்தேன். மேசை விசிறியை நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. சார்ஜரைக் கழற்றினேன். நிற்கவில்லை. பல்லியுமில்லை. காதை வைத்துக் கேட்டேன்: இடக்கை வைக்கும் இடத்துக்குக் கீழே. ஹார்ட் டிஸ்க் அங்கேதான்.

மார்ச் 7, வியாழன்

துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தபடி. எல்லோருக்கும் மடிக்கணினியைப் போட்டுச் சத்தத்தைக் காட்டினேன், யாருக்காவது விடை தெரியாதா என்று. அண்ணையோடு தோணியில் போன தியாகராசா அண்ணை, "எஞ்சினிலை காத்துப் பிடிச்சிட்டுது, பிள்ளை. கொஞ்சம் ஓட விடு" என்றார். ஓட விட்டேன். திரையில் எழுத்து வந்த நேரங்களில், போகப் போவது என்னவென்று அவர்களுக்கும் தெரியட்டுமே என்று வாசித்தும் காட்டினேன். முன்வீட்டு ரஞ்சினி: "இன்னொருக்காப் போடுங்கோ ரீச்சர், வடிவாக் கேக்கேல்லை."

போட்டேன்.

மார்ச் 9, சனி

டிக். டிக். திரை கறுப்பு.

மார்ச் 10, ஞாயிறு

அண்ணையின் மகன் பிரகலாதன் ரொறன்ரோவிலிருந்து கதைத்தான். கணினி வேலைதான் அவனுக்கு.

"சத்தம் கேட்ட பிறகு எத்தினை தரம் போட்டனீங்கள், மாமி?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இரண்டு கையும் போதவில்லை.

"உள்ளை ஊசி மாதிரி ஒண்டு தட்டிலை உரசுது. போடப் போடக் கீறும். சரி, வாசிச்ச நேரம் திரையைப் போனிலை படமெடுத்திருக்கலாமே?"

எடுத்திருக்கலாம். போன் பக்கத்திலேயே கிடந்தது. எனக்கேன் உது மூளையிலை ஓடேல்லை? முறிஞ்ச காலோடை ஒருத்தனை, வாறவைக்கெல்லாம் நடந்து காட்டு எண்ட மாதிரியெல்லே செய்திருக்கிறன்.

மார்ச் 13, புதன்

யாழ்ப்பாணத்தில் திருத்தக் கொடுத்தேன். முடியாதாம். அண்ணி தேநீர் ஊற்றித் தந்தார். ஏசினாலாவது ஆறுதல்.

மார்ச் 16, சனி

ஞாபகத்திலிருந்து எழுதப் பார்த்தேன். வருவதெல்லாம் ரீச்சரின் வசனம். அண்ணை இப்படியா கதைப்பார்? கிழித்துப் போட்டேன்.

பின்னேரம் ரஞ்சினி வந்து, "அந்த இடம் எழுதியிட்டீங்களோ, ரீச்சர்? 'காத்து விழுந்திட்டுது, கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது' எண்டு வாசிச்சனீங்களே" என்றாள். நானே மறந்த வசனம். அவளை இருத்தி வைத்து மிச்சத்தையும் கேட்டேன். தியாகராசா அண்ணைக்கும் ஆள் அனுப்பினேன்.

மார்ச் 24, ஞாயிறு

கீரிமலையில் கிரியை முடிந்தது. மலரைக் கொடுத்தோம். தியாகராசா அண்ணை சொல்லி நான் எழுதிய, தோணியைத் திமிங்கிலம் முட்டிய பக்கத்தை அண்ணி இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். "ஓம், உது அவற்ரை கதைதான்."

என்னிடம் அண்ணை சொன்னது சுறா. திருத்தாமல் விட்டேன்.