சொதியா சித்திக்கான ஜெபக்குறிப்பு

உத்தமபாளையம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள கணவர் எபனேசர் அவர்களுக்கு, ஞானசெல்வி எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் நானும் மகள் ஷெரினும் இங்கே சுகம். கம்போடியாவில் உங்கள் சுகத்துக்கும் ஊழியத்துக்கும் குறைவில்லை என்றே நம்பி எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் மாதத்துக்கு இரண்டு தடவை டவுனுக்கு வந்து கூப்பிடுகிறீர்கள். எடுத்ததும் ஜெபம் செய்கிறீர்கள். ஆமென் வருவதற்குள் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. பக்கத்து வீட்டு உமர் பாருக் பாய் மிளகு வியாபாரமாக உங்கள் பக்கம் வருகிறார். "டீச்சர், அண்ணனுக்கு என்ன குடுக்கணுமோ குடுங்க, நான் நேர்ல கொண்டுபோய்ச் சேத்துர்றேன்" என்றார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் சல்மா, "எம்புட்டு வேணும்னாலும் குடுங்க டீச்சர், அவுக பெட்டில பாதி காலியாத்தான் கெடக்கு" என்று சத்தம் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை கிளம்புகிறார்.

இங்கே ஒரு வாரமாக விடாத மழை. ஆற்றில் தண்ணீர் கலங்கலாக ஓடுகிறது. அடுப்படி மூலையில் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். கொத்தனார் நாளை நாளை என்கிறார். ஷெரினுக்கு அரைப்பரீட்சை வருகிறது. வேதியியல் தவிர எல்லாம் வருகிறது. உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அதாவது, அப்படி எழுதட்டுமா என்று நான் கேட்டேன், அவள் சரி என்றாள்.

உங்கள் வாராந்தர ஊழிய அறிக்கையைப் போன ஞாயிறு போதகர் ஆராதனையில் வரி விடாமல் வாசித்தார். நான் இருபது வருடமாக விடைத்தாள் திருத்துகிறவள். காது கேட்டுக்கொண்டிருந்தாலும் கை சிவப்புப் பேனாவைத் தேடியது.

திங்கட்கிழமை ஊர்க்காரர்களோடு வயலில் இறங்கிக் களை பறித்தீர்களாம். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. இங்கே கொல்லைக் கீரைப்பாத்திக்கு ஒரு குடம் ஊற்றச் சொன்னால் உங்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். சரி, அங்கேயாவது இடுப்பு வளைந்ததே என்று சந்தோஷப்பட்டேன். செவ்வாய்க்கிழமை பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் பந்தாட்டமும். புதன்கிழமை உங்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்திருக்கும் சொதியா அம்மாவை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், முழங்கால் வீக்கத்துக்கு மருந்து வாங்கித் தந்து, நாள் முழுவதும் கூடவே இருந்திருக்கிறீர்கள். அவரை ஊரார் போலச் சித்தி என்று கூப்பிடுவதாகவும், வரும் வழியில் அவர் முதன்முதலாக இயேசுவைப் பற்றி அவராகவே கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமைதான் சறுக்கல். அன்று அங்கே செத்துப்போனவர்களுக்குப் படைக்கிற பண்டிகை. சொதியா சித்தி வாழையிலையில் கட்டி அவித்த கொழுக்கட்டையை, வலிக்கிற காலோடு படியேறி வந்து உங்களிடம் நீட்டியிருக்கிறார். ஆவிகளுக்குப் படைத்ததை நான் சாப்பிடமாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டு, அன்போடு சாட்சி சொன்னீர்களாம். அவர் கொழுக்கட்டையோடு திரும்பி இறங்கிப் போனாராம். வெள்ளிக்கிழமை முகம் கொடுக்கவில்லை. சனிக்கிழமை பிள்ளைகள் வரவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு நீங்களும் இன்னொரு சகோதரரும் மட்டும். வருடம் முடிகிறபோது வீடு தனக்கு வேண்டும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வீடு போனால் அந்த ஊரில் வேறு வீடு கிடைக்காது, இரண்டு வருட உழைப்பும் அதோடு போகும். "அந்தத் தாயின் கல்லான இருதயம் இளக ஜெபியுங்கள்" என்று முடித்திருந்தீர்கள்.

சபையே முழங்கால் போட்டது. போதகர் கண்ணீரோடு ஜெபித்தார். நானும் முழங்கால் போட்டேன். ஆனால் வாயில் ஜெபம் வரவில்லை. சின்னமனூர் கல்யாண மண்டபம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. உங்கள் அண்ணன் மகன் ஜாஸ்பருக்கும் கோம்பை ஊர்ப் பெண் சுபாஸ்ரீக்கும் கல்யாணம். கோயிலில் தாலி கட்டிவிட்டு மண்டபத்துக்கு வந்தார்கள். உங்கள் அண்ணன் அய்யாத்துரை தன் கையால் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, "உக்காருடா எபன்" என்றார். கோயிலில் தாலி கட்டிய கல்யாணத்தில் நான் கை நனைக்கமாட்டேன் என்று பந்தி நடுவில் எழுந்து வந்தீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன். நம் ஊரில் கை நனைக்காமல் எழுந்து போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அன்றிலிருந்து அவர் நம் வாசலுக்கு வரவில்லை, நாம் அவர் வாசலுக்குப் போகவில்லை. உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் பஸ்ஸில் ஒரு தூக்கம் போடுகிற தூரம்கூடக் கிடையாது.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நேற்றுச் சாயங்காலம் சுபாஸ்ரீ வந்தாள்.

ஏழு மாத வயிறு. மழையில் நனைந்துகொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஜாஸ்பரும் கூட வந்திருக்கிறான். உள்ளே வரப் பயந்துகொண்டு தெருமுனை டீக்கடையில் நின்றுவிட்டானாம், நல்ல வீரன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வா என்று சொல்வதற்குள் அவளாகவே வந்து உட்கார்ந்து, "சின்னத்தே, பசிக்குது. என்ன கொழம்பு வச்சிருக்கீக?" என்றாள்.

முதல் நாள் வைத்த கருவாட்டுக் குழம்புதான் இருந்தது. பழசும்மா, இரு, தோசை ஊற்றுகிறேன் என்றேன். "கருவாட்டுக் கொழம்பு மறுநாள்தான் ருசி. போடுங்க" என்றாள். இரண்டு தடவை சோறு வாங்கினாள். கடைசியில் தட்டை வழித்த வழிப்பில் ஷெரின் சிரித்துவிட்டாள். கை கழுவிவிட்டு வந்து, "நான் ஒங்க வீட்ல கை நனைச்சிட்டேன். ஞாயித்துக்கெழம எனக்கு வளைகாப்பு. இனி ஒங்க பாடு" என்றாள். கெஞ்சவில்லை, பழையதை ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது, "மாமா அங்கன ஒத்தையில என்ன சாப்புடுறாக?" என்று கேட்டாள். உங்கள் அறிக்கையில் யார் யாருக்கு மருந்து, யார் வீட்டு எருமை கன்று போட்டது என்பது வரை இருக்கிறது. நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானும் ஷெரினும் சின்னமனூர் போகிறோம். இது அனுமதி கேட்கிற கடிதம் இல்லை, தகவல். பாய் கிளம்ப இன்னும் நாள் இருப்பதால் இதை ஒட்டாமல் வைத்திருக்கிறேன். போய்வந்து மீதியை எழுதுகிறேன்.

ஞாயிறு, சாயங்காலம்.

போய்வந்தோம்.

வாசலில் உங்கள் அண்ணன்தான் நின்றார். மெலிந்திருக்கிறார். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும், "வாம்மா" என்றார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தார். நீங்கள் கடல் தாண்டி இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தார்.

சுபாஸ்ரீக்கு வளையல் போட்டேன். சந்தனம் தடவினேன். மனதுக்குள் பிள்ளைக்காக ஜெபித்தேன். அவளுக்கு அது தெரிந்துவிட்டது. "சத்தமாவே சொல்லுங்க சின்னத்தே, பிள்ளைக்கும் கேக்கட்டும்" என்றாள். கோம்பைக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் சத்தமாகவே ஜெபித்தேன். அவள் அம்மா சங்கிலியம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். முடிந்ததும், "ஆத்தா, நல்ல வாக்கு சொன்ன" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் அறிக்கையாக இருந்தால் இதற்கே ஒரு பக்கம் எழுதுவீர்கள்.

பிறகு பந்தி. புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு. என் இலைக்கு உங்கள் அண்ணனே வந்து பரிமாறினார். நான் சோற்றில் கை வைக்கிற வரை கரண்டியோடு அப்படியே நின்றார். முதல் வாய் உள்ளே போன பிறகுதான் அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் கூப்பிட்டு உட்காரவைத்து, "அவனுக்கு அங்கன சோறு கிடைக்குதா?" என்று கேட்டார். கிடைக்கிறது, ஆனால் கொடுத்ததைச் சாப்பிடாமல் வீடே கைவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது என்று சொதியா சித்தி கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு உங்கள் அண்ணன் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. "ஏலே, கடல் தாண்டிப் போயும் இதே சோலியத்தான் பாக்கானா!" என்றார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. துண்டால் துடைத்தார். சிரிப்பு நின்ற பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "அந்தம்மா என்ன பாவம் பண்ணுச்சு? நொண்டிக்கிட்டு ஏறி வந்துருக்கு" என்றார். தன்னைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

இந்தக் கடிதத்தோடு வரும் தூக்குவாளியில் அதிரசம் இருக்கிறது. சங்கிலியம்மாள் கோம்பையில் சுட்டு, அவர்கள் குலசாமிக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு வளைகாப்புக்குக் கொண்டுவந்தது. உங்கள் அண்ணன் தன் கையால் அடுக்கினார். "சாமிக்கு வச்சதுதாம்மா. ஒளிக்காம சொல்லியே அனுப்பு. வேணாம்னா காக்காய்க்குப் போடட்டும்" என்றார். ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். நாளைக்கே உமர் பாருக் பாயிடம் கொடுத்துவிடுவேன். அவர் இரண்டை வழியில் தின்றால் கோபிக்கவேண்டாம்.

நான் உங்களுக்கு வேதம் சொல்லித்தர வரவில்லை. படித்தவர் நீங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை நாள் முழுவதும் மெனக்கெட்டு அந்த அம்மாவுக்கு மருந்து வாங்கித் தந்தீர்கள், அவர் வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை அவர் தந்தார், நீங்கள் வாங்கவில்லை. நாம் கொடுப்பதை மட்டும் எல்லாரும் வாங்கவேண்டும் என்றால் அதற்கு உறவு என்று பெயர் இல்லை. உங்கள் விசுவாசம் ஒரு அதிரசத்தில் கரைந்துபோகிற விசுவாசம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அப்படிக் கரையும் என்றால் அதை அவ்வளவு தூரம் சுமந்துகொண்டு போயிருக்கவே வேண்டாம்.

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு சொதியா சித்தி வீட்டுக்குப் போங்கள். "என் அண்ணன் கொடுத்துவிட்டது" என்று அவர்கள் பாஷையில் சொல்லுங்கள். அவருக்கு ஒன்று கொடுங்கள். அவர் பார்க்க நீங்களும் ஒன்று சாப்பிடுங்கள். பதிலுக்கு அவர் எதைக் கொண்டுவந்து வைத்தாலும், அது யாருக்குப் படைத்தது என்று கேட்காமல் கை நீட்டுங்கள். சாப்பிட்டபின் உங்கள் அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கள். ஜெபம் வேண்டாம். அண்ணே, சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள். சிக்னல் போவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதீர்கள். கொசுவலையைக் கிழிசல் பார்த்துக் கட்டுங்கள். ஆண்டவர் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். சொதியா சித்தியின் இருதயம் இளக இங்கே சபையில் எல்லாரும் ஜெபிக்கிறார்கள். நான் உங்களுடையதற்காக ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள்
ஞானசெல்வி