கடற்பாசி மணிகள்

இன்று காலை ஆய்வகத்தில் ஓர் எலிக்கு ஊசி போடும்போது ஒரு துளி இன்சுலின் என் விரலில் கசிந்தது. பினாயில் கலந்தது போல அந்த வாடை. மயிலாப்பூர் வீட்டு அடுக்களையில், காலைக் காப்பிக்கு முன்னால், உன்மேல் வீசிய வாடை. எலியைக் கூண்டில் விட்டுவிட்டு அப்படியே நின்றேன். அழுகை வரவில்லை. இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை.

கல்யாணமான புதிதில் உன்னை அடையாறுக்கு, இதே ஆய்வகத்துக்குக் கூட்டி வந்தேன். கடற்பாசிக் கூழ் ஊசிமுனையிலிருந்து சொட்டிக் கால்சியம் நீரில் மணியாக உறைவதைக் குனிந்து பார்த்தாய். "இதுக்கா இவ்ளோ படிச்சீங்க? எங்கம்மா தி.நகர் மொட்டை மாடியிலயே ஜவ்வரிசி வடாம் போடுவாங்களே" என்றாய். மணிக்குள்ளே ஓர் எலியின் கணையத்திலிருந்து எடுத்த, இன்சுலின் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. உடம்பில் வைத்தால் சர்க்கரை உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும், அந்நியச் செல்களைத் தாக்கும் உடம்பின் காவல் அணுக்கள் மட்டும் நுழைய முடியாது என்று விளக்கினேன். பள்ளிக்கூட வயதிலிருந்து சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டவள் நீ. கேட்டது ஒன்றுதான்.

"எனக்கு எப்போ வைப்பீங்க?"

சீக்கிரம் என்றேன்.

மணிகளை வைத்த எலிகளின் சர்க்கரை சில வாரம் இறங்கி, மறுபடி ஏறியது. திறந்து பார்த்தால் அந்தக் காவல் அணுக்கள் மணிகளைச் சுற்றி வெள்ளைப் படலமாக மூடியிருந்தன. உள்ளே செல்கள் மூச்சுமுட்டிச் செத்திருந்தன. திருவான்மியூர் கடற்கரையில் இதைச் சொன்னபோது நீ சிரித்தாய். "புதுசா ஒருத்தர் வந்தா சுத்தி நிக்கத்தாங்க செய்வாங்க. உங்க வீட்டுல என்னைச் சுத்தியும் நின்னாங்களே. இவ இதச் சாப்பிடலாமா, இவ விரதம் இருக்கலாமா, இவளுக்குக் குழந்தை பொறக்குமான்னு." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நான் சாகல பாருங்க" என்றாய்.

பிறகு உன் சிறுநீரகங்கள் கைவிட்டன. டயாலிசிஸ் முடிந்து துவண்டு கிடக்கும்போதும் எலிகளை விசாரிப்பாய். ஒரு நாள் நான் பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டாய். மறுநாள் கேட்க நீ இல்லை.

உன் காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய பிறகு, படலம் படராமலிருக்கக் கூழை இன்னும் நன்றாகச் சுத்தம் செய்து எலிகளுக்குப் புது மணிகளை வைத்தோம். இன்று மத்தியானம் எடுத்துப் பார்த்தோம். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தன. எதுவும் ஒட்டவில்லை. செல்கள் உயிரோடு இருந்தன. எல்லோரும் கை கொடுத்தார்கள். மனிதருக்கு வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்.

வீட்டுக்கு வந்தேன். "ஆறுதுடா, சாப்பிடு" என்றாள் அம்மா. ஊசி போட்டபின் நீ சாப்பிட அரை மணி ஆகும். அதுவரை நானும் தட்டைத் தொடாமல் அன்றைய வேலையைச் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தப் பழக்கம் போகவில்லை. இன்றும் உட்கார்ந்தேன். உன்னிடம் முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் சோற்றில் கை வைத்தேன்.